சாவிக்கு அடியில் ஒரு காந்தம்

என் வீட்டுக்காரருக்கு அடுத்தவர் வியர்வையைத் துடைப்பதுதான் தொழில். வீடுகளில் வாங்கிப் போட்டிருக்கும் டிரெட்மில், உடற்பயிற்சி சைக்கிள், டம்பெல் என்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டிக் கொடுப்பார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. இவரால் அரைக் கிலோமீட்டர் ஓட முடியாது. இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். என் தங்கை இவரை 'பெல்ட் மாமா' என்று கூப்பிடப் போய், இப்போது பாதி ஊருக்கு இவர் பெல்ட் மாமாதான்.

போன் என் கையில். எந்தக் கிழமை யார் வீடு, எத்தனை மணிக்கு, என்ன மெஷின் என்று நோட்டில் எழுதி வைப்பது நான். இவரிடம் போனைக் கொடுத்தால் "ம்" என்பார், மறுபடி "ம்" என்பார், வைத்துவிடுவார். கூப்பிட்டவர்கள், இவர் வருகிறாரா இல்லையா என்று தெரியாமல் திரும்பக் கூப்பிடுவார்கள். பேச்சு இவருக்கு வராது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்து, "சத்தம் வருது, புஷ் தேஞ்சிருக்கு" என்றார். அன்று இவர் பேசியது அவ்வளவுதான். மறுவாரம் வந்து அதைச் சரி செய்தும் கொடுத்தார். அதற்காகவே என் அப்பா சம்மதித்தார் என்று நான் இன்றுவரை சொல்லிக் காட்டுவேன்.

இந்த மெஷின்களை வாங்குகிறவர்கள் முதல் மாதம் ஓடுவார்கள், அடுத்த மாதம் நடப்பார்கள், மூன்றாம் மாதம் அதில் துணி காயப்போடுவார்கள். இவர் போனதும் முதல் வேலை துணிகளை எடுத்து மடித்து வைப்பது. அதன்பிறகு ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைப்பார். வியர்வையில் இருக்கும் உப்புதான் மெஷினுக்கு எமன் என்பார். முன்பக்க மூடியின் ஆறு திருகாணியைக் கழற்றித் திறந்தால் உள்ளே மோட்டாரைச் சுற்றி மெத்தை மாதிரி தூசி இருக்கும். தலைமுடி, பென்சில், ஒற்றைத் தோடு, ஒரு வீட்டில் குழந்தையின் பால்பல். எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்து வீட்டுக்காரர்களிடம் காட்டுவார். பிறகு பிரஷ், பிறகு ஊதுகுழாய். பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, காய்ந்திருந்தால் சிலிக்கான் எண்ணெயை அளந்து விடுவார். யாராவது கிறீச்சென்று சத்தம் வருகிறதே என்று சமையல் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தால் மட்டும் இவருக்குக் கோபம் வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் நாலு வாக்கியம் தொடர்ந்து பேசுவார்.

காந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரெட்மில்லில் சிவப்பாக ஒரு சாவி இருக்கும். சாவி என்று பெயரே தவிர, நுழைத்துத் திருப்புவதில்லை. ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதற்குள் சின்னக் காந்தம். பட்டன்களுக்கு நடுவே அதற்கென்று இருக்கிற குழியில் அதை வைத்தால்தான் மெஷின் ஓடும். சாவியில் ஒரு கயிறு கட்டியிருக்கும், கயிற்றின் நுனியில் கிளிப். கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கால் இடறிப் பின்னால் போனால் கயிறு இழுபடும், சாவி கழன்றுவிடும், மெஷின் அங்கேயே நின்றுவிடும். ஆபத்துக்கு அது ஒன்றுதான் காவல்.

பாதி வீடுகளில் இந்தச் சாவியைத் தொலைத்துவிட்டு முழிப்பார்கள். அதனால் இவர் ஒரு காந்தத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். என் பழைய கைப்பையின் மூடியிலிருந்து பிய்த்தது. நாணயம் போலத் தட்டையாக இருக்கும். மெஷின் மூடியின் திருகாணிகளைக் கழற்றும்போது அவை உருண்டு ஓடாமல் அதில் ஒட்டி வைப்பார். மெஷினை ஓடவிட்டுப் பார்க்கும்போது சாவிக்குப் பதிலாக அதையே குழியில் வைத்து, அதிர்வில் நழுவாமல் இருக்க மேலே ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். சாவி இருக்கிற வீட்டிலும் இப்படித்தான். பெல்ட் ஓட ஓடப் பின்பக்கம் குனிந்து போல்ட்டைக் கால் திருகு, கால் திருகாகத் திருப்ப வேண்டும். சாவிக் கயிறு ஆடிக்கொண்டே இருந்தால் எங்கேயாவது சிக்கும்.

வேலை முடிந்ததும் டேப்பைப் பிய்த்துக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்வார். அசல் சாவியை வைத்து, அந்த வீட்டு ஆளை மெஷின்மேல் ஏற்றி, கிளிப்பை அவர் சட்டையில் மாட்டச் சொல்லி ஓடவிடுவார். "இழுங்க" என்பார். அவர்கள் கயிற்றை இழுத்ததும் மெஷின் நிற்கும். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்தொன்பது வருடத்தில் இவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை என் பெயராக இருக்காது, "இழுங்க"தான்.

ஒரே ஒரு வீட்டில் அதைச் சொல்லாமல் வந்தார். அதற்குக் காரணம் நான்.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவும் அவர் கணவரும் இருக்கிற வீடு அது. அந்த அம்மாவை நாங்கள் நூலக அம்மா என்போம். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே சொல்வாராம். அந்த ஞாபகசக்தியில் அவருக்குப் பெருமை உண்டு. ஒரு தடவை என்னிடம் போனில் பேசியபோது, "போன சர்வீஸ் ஒரு புதன்கிழமை நடந்துச்சும்மா, பதினொன்றரை மணிக்கு. மழை பெய்ஞ்சுட்டிருந்தது" என்றார். என் நோட்டைப் புரட்டினேன். புதன், பதினொன்றரை. மழையை மட்டும் நான் எழுதி வைத்திருக்கவில்லை.

அவர் கணவர் நில அளவைத் துறையில் இருந்தவர். எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். முழங்காலில் அறுவை செய்த பிறகு, தினமும் பத்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் சாரின் சட்டையில் இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில் கிளிப்பை மாட்டிவிடுவது நூலக அம்மாவின் வேலை.

அன்று இவர் அங்கே வேலையில் இருந்தபோது இவர் அடுத்துப் போக வேண்டிய வீட்டுப் பல் டாக்டர் போனில் என்னை அரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வெளியே கிளம்ப வேண்டும், ஆள் எங்கே, ஆள் எங்கே என்று. நான் இவரை இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை பொறுமை போய்விட்டது.

"என்னங்க, அந்த மெஷினையே கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா? மூடியை மாட்டிட்டுக் கிளம்புங்க. சும்மா நோண்டிட்டே இருக்காதீங்க."

"இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடனே கிளம்புங்க."

இவர் கிளம்பிவிட்டார். சாவி மேசைமேல் இருந்தது. "நான் வச்சுக்கறேன் தம்பி, நீங்க போங்க" என்றாராம் அந்த அம்மா. அவர் சாவியை எடுத்துக் குழியில் வைத்தார். அடியில் இருந்த காந்தத்தின்மேல் அது சிக்கென்று உட்கார்ந்துகொண்டது. கறுப்புக் குழியில் கறுப்பு டேப். யார் கண்ணுக்குத் தெரியும்? சாயங்காலம் இவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, "காந்தம் எங்கேயோ விழுந்துடுச்சு" என்றார். கைப்பை மூடியின் மறுபக்கத்தில் இன்னொரு காந்தம் இருந்தது. அதையும் பிய்த்துக் கொடுத்தேன்.

ஆறு நாள் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. பட்டனை அழுத்தினால் ஓடும், அழுத்தினால் நிற்கும். ஏழாம் நாள் காலையில் சாருக்கு முழங்கால் பிசகியது. பின்னால் சரிந்து ஒருக்களித்து விழுந்தார். மெஷின் நிற்கவில்லை. விழுந்தவரின் முழங்கையையும் கன்னத்தையும் பெல்ட் உரசிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, எந்தப் பட்டன் என்று தெரியாமல் தட்டி, கடைசியில் பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தியிருக்கிறார். சாருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சார் விழுந்த மூன்றாம் நாள் மகள் எனக்குப் போன் செய்தார். மெஷினில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இவரை அனுப்பினேன். அன்று மத்தியானம் இவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் போட்டு வைத்தேன். தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது அங்கேயே இருந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல. மகள் உள்ளே தண்ணி எடுக்கப் போனாங்க. நான் பிய்ச்சுப் பையில போட்டுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க வந்து, சாவியைப் பிடுங்கினா நிக்குமான்னு கேட்டாங்க. நான் சாவியை வச்சு ஓடவிட்டேன். இழுங்கன்னு சொன்னேன். இழுத்தாங்க. நின்னுடுச்சு." டேப்பின் நுனியை நகத்தால் நீவினார். "மெஷின்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு திரும்பி அவங்க அம்மாவைப் பார்த்தாங்க. அவ்வளவுதான். அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

மெஷினில் கோளாறு இல்லை என்றால் கிளிப்பை மாட்டாததுதான் காரணம். மாட்ட வேண்டியவர் அந்த அம்மா. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. போதாததற்கு, அன்று மகள் ஓடிவந்து பார்த்தபோது சாவி கயிற்றோடு அதன் குழியிலேயே இருந்திருக்கிறது. மாட்டியிருந்தால் அது இழுபட்டுக் கீழே அல்லவா கிடக்க வேண்டும்?

"போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார் இவர்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அழகுபடுத்த விருப்பமில்லை.

"சொன்னா சாரோட கை ஒட்டிக்குமா? அந்தக் குடியிருப்புல மட்டும் நமக்குப் பதினாலு வீடு இருக்கு. அவங்க வாட்ஸாப் குழுவுல ஒரு வரி போட்டா போதும், நாளைக்கு ஒருத்தன் கதவு திறக்க மாட்டான். வயசானவங்க, ஒருநாள் மறந்திருப்பாங்கன்னு நினைச்சுக்குவாங்க. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. நீங்க வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க."

இவர் வாயை மூடிக்கொண்டார். அது இவருக்குப் பழக்கம்தானே. சாப்பிடவில்லை.

அதன்பிறகு இவர் வேலை செய்கிற விதமே மாறிப்போனது. ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம். துடைத்த கைப்பிடியை மறுபடி துடைக்கிறாராம். "உங்க வீட்டுக்காரர் எங்களை அஞ்சு தடவை கயிறை இழுக்க வச்சார், அவருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள். வெயில் என்று ஏதோ சமாளித்தேன். இரண்டாவது காந்தத்தை இவர் தொடவே இல்லை. திருகாணிகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார். டேப் ஒட்டிய காந்தம் மட்டும் சட்டைப்பையிலேயே இருந்தது. துணி துவைக்கும்போது நான் எடுத்து வெளியே வைப்பேன். மறுநாள் அது மாற்றுச் சட்டையில் இருக்கும்.

இன்னொரு தடவையும் கேட்டார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சொல்லிடலாமே."

"இப்போ போய்ச் சொன்னா, ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

பதில் இல்லாத கேள்வி என்பதால்தான் அதைக் கேட்டேன்.

சார் விழுந்த இருபதாவது நாள் மகளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அந்த மெஷினை நீங்களே எடுத்துக்கிறீங்களா? வீட்டைக் காலி பண்றோம். அம்மா அப்பா ரெண்டு பேரையும் எங்ககூடவே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கோம்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சுடுச்சு போலக்கா. அப்பாவுக்குக் கிளிப் போட்டேன்னு முதல்ல அடிச்சுச் சொன்னாங்க. இப்போ போட்டேனா இல்லையான்னு தெரியலைங்கிறாங்க. கேஸை அணைச்சோமான்னு பத்துத் தடவை எழுந்து போறாங்க. டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கோம். தனியா விட பயமா இருக்கு."

சரிங்க, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தேன். நோட்டை எடுத்தேன். தேதியைப் போட்டேன். வீடு, மெஷின், என்ன வேலை என்று எழுதுகிற இடத்தில் எதுவும் எழுத வரவில்லை. மெஷின் கனமானது, இரண்டு ஆள் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு மறுநாள் இவரோடு நானும் கிளம்பினேன்.

கதவைத் திறந்தது நூலக அம்மாதான். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனில் கேட்ட குரலை வைத்து நெடுநெடுவென்று ஒருவரை நினைத்திருந்தேன். குட்டையாக, ஒடிசலாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது.

"வாங்க தம்பி. நான்தான் வரச் சொன்னேனா?" என்றார்.

எந்தப் புதன்கிழமை மழை பெய்தது என்று சொன்னவர் கேட்கிற கேள்வியா அது. எனக்கு அங்கேயே திரும்பி ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"இல்லம்மா. உங்க பொண்ணு கூப்பிட்டாங்க" என்றேன்.

"அப்படியா." பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. நான் கூப்பிட்டுட்டு மறந்துட்டேனோன்னு பார்த்தேன்."

உள்ளே எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன அட்டைகள். நூலகத்தில் எழுதுகிற அதே முத்து முத்தான கையெழுத்து. அடுப்புக்கு மேலே 'கேஸ்', கதவில் 'பூட்டு', மருந்து டப்பாவில் 'காலை, இரவு'. ஒவ்வொன்றிலும் தேதி போட்டு, செய்ததும் டிக் போட்டிருந்தார். அடுப்பு அட்டையில் ஒரே நாளில் பதினோரு டிக் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

சார் சோபாவில் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் காய்ந்த தழும்பு. "வாப்பா. மெஷின்மேல தப்பு இல்ல. இவளும் பாவம், வயசாயிடுச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல, மன்னிச்சுட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த அம்மா மேசைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

மெஷினின் தலைப்பக்கத்தை நான் பிடிக்க, அடிப்பக்கத்தை இவர் பிடிக்க வேண்டும். நான் போய் நின்றேன். இவர் வரவில்லை. பிளக்கை எடுத்துச் சுவரில் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். குழியில் வைத்து, பழைய டேப் ஒட்டாததால் புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டினார். அதன்மேல் சிவப்புச் சாவியை வைத்தார். சிக்கென்று சத்தம் கேட்டது. கிளிப்பை எடுத்துத் தன் சட்டையில் இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு மெஷின்மேல் ஏறினார். பத்தொன்பது வருடத்தில் இவர் அதன்மேல் ஏறி நடந்து நான் பார்த்ததில்லை.

பட்டனை அழுத்தி நடக்க ஆரம்பித்தார். நாலு அடி நடந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். சாவி கழன்று கயிற்றில் தொங்கியது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா துணியை விட்டுவிட்டுப் பார்த்தார்.

இவர் நடப்பதை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே, எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் காந்தம்மா. சோதிச்சுப் பார்க்க வச்சேன். எடுக்க மறந்துட்டேன். கயிறை இழுத்துப் பார்க்கச் சொல்லாமலும் போயிட்டேன். அன்னைக்கு உங்க மகள் கூப்பிட்டுப் பார்க்க வந்தப்போ அது இங்கேயேதான் இருந்துச்சு. யாருக்கும் தெரியாம எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் அவங்களை இழுக்கச் சொன்னேன். நீங்க கிளிப் போட்டீங்க. நான்தான் மறந்தேன். நான்தான் மறைச்சேன்." இவருக்கு மூச்சு வாங்கியது. வியர்வை கழுத்தில் வழிந்தது. "அந்த மெஷின் நின்னிருக்கணும்மா. என்னாலதான் நிக்கல."

நான் போன் செய்து அவசரப்படுத்தியதைச் சொல்லவில்லை. வாயை மூடச் சொன்னதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

"போதும், இறங்குங்க" என்றார் அந்த அம்மா.

இவர் பட்டனை அழுத்தி இறங்கினார். இவர் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த சாவியை அந்த அம்மா கழற்றி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"இது கீழே கிடந்துச்சு" என்றார் மெதுவாக. "சட்டையிலிருந்து கிளிப்போட கழண்டு, சோபாவுக்கு அடியில. ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்போ காலில் தட்டுப்பட்டுச்சு. நான்தான் எடுத்து அதோட இடத்துல வச்சேன். எதையும் தரையில கிடக்க விடமாட்டேன் நான். நாப்பது வருஷப் பழக்கம்." சாரைத் திரும்பிப் பார்த்தார். "நான் போட்டிருந்தேங்க."

சாரின் முகம் சுருங்கிவிட்டது. "இவளை மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேனே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பி ஒண்ணு சொல்லணுமாம், கேளு" என்று இவரிடம் நீட்டினார். பேசத் தெரியாத மனுஷன் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். அந்தப் பக்கம் மகள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நியாயமான சத்தம்.

அப்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்போம்மா தெரியும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்றும் சொல்லியிருக்கலாம். இவர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது. அடுப்புக்கு மேலே இருந்த அட்டை கண்ணில் பட்டது.

"அன்னைக்கேம்மா" என்றேன். "அவசரப்படுத்திக் கிளப்பினதும் நான்தான். அவர் அன்னைக்கே சொல்லிடறேன்னார். நான்தான் வேணாம்னேன். நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார், என்னவோ நான் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்ன மாதிரி.

"நான் மறக்கலம்மா" என்றார். "எனக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்துச்சு. சட்டையோட கலர்கூட ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் இல்லைன்னு சொன்னதால, அந்த ஞாபகம்தான் பொய்னு முடிவு பண்ணிட்டேன்."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிக்குறுகி நின்றதில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. கேட்டிருப்பேன். அவர் அதற்குப் பதில் சொன்னதாக நினைவில்லை. மெஷினை நாங்கள் தூக்கவில்லை. வெறுங்கையோடு படி இறங்கினோம்.

குடியிருப்புக் குழுவில் மகள் எழுதிவிட்டார். உள்ளது உள்ளபடிதான் எழுதியிருந்தார். ஒரு சொல் கூட்டவில்லை. பதினாலு வீட்டில் பத்து போனது. நான் பயந்தது அப்படியே நடந்தது. நடந்த பிறகு பார்த்தால் அதில் பயப்பட அவ்வளவு இல்லை. பல் டாக்டர் மட்டும் கூப்பிட்டு, "என் வீட்டுக்கு வரும்போது மெதுவா வரட்டும்" என்றார். சாரும் நூலக அம்மாவும் வீட்டைக் காலி செய்யவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, மறதி எதுவும் இல்லை என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம். கைப்பைக் காந்தம் இரண்டையும் இவர் குப்பையில் போட்டார். இப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் இவர் எனக்குப் போன் செய்து "இழுத்தாச்சு" என்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த வீட்டுக்காரர் கத்தினால் கத்தட்டும்.

மூன்று மாதம் கழித்து நூலக அம்மாவே கூப்பிட்டார். சாருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், மெஷினைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். வேறு ஆள் யாரையாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேற ஆள் எதுக்கு? இனிமே அந்தத் தம்பிக்கு மறக்காது" என்றார்.

நானும் போனேன். கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். இவர் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடியை மாட்டி முடித்தார். சார் மெஷின்மேல் ஏறி நின்றார். அந்த அம்மா கிளிப்பை அவர் சட்டையில் இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு, கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையை எடுத்துத் தேதி போட்டு டிக் அடித்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"போட்டது நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றார். "இருந்தாலும் எழுதாம விட முடியல."

அடுப்புக்கு மேலே அட்டை அப்படியேதான் இருந்தது. நான் எண்ணவில்லை.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இழுங்க" என்றார்.

அந்த அம்மாவே கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். மெஷின் நின்றது. அவர் அட்டையைத் திருப்பி, அதையும் எழுதிக்கொண்டார்.